எந்தச் சிவப்பிரகாசர்?

பேரூர் சாந்தலிங்க சுவாமிகளுக்கு ஞான உபதேசம் செய்த குருவின் பெயர் சிவப்பிரகாசர். அவர் மணந்துகொண்ட ஞானாம்பிகையின் உடன்பிறந்தவர் பெயரும் சிவப்பிரகாசர். குரு, துறையூர்ச் சிவப்பிரகாசர். மைத்துனர், துறைமங்கலம் சிவப்பிரகாசர்; நன்னெறியின் 40 வெண்பாக்களைப் பாடியவர் இவர்தான். இருவரும் வீரசைவர்கள். ஒருவருக்கு மாணவராக இருந்தவரே மற்றவருக்கு மைத்துனராகவும் இருந்திருக்கிறார் என்றால், இருவர் காலமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டுதான் இருந்திருக்க வேண்டும். ஊர்களும் எட்டாத தூரத்தில் இல்லை: துறையூர் இன்றைய திருச்சி மாவட்டத்தில், துறைமங்கலம் பெரம்பலூரை ஒட்டி. பெயர் ஒன்று, சமயம் ஒன்று, காலம் ஏறக்குறைய ஒன்று, சீமை ஒன்று. ஊர்ப்பெயரில் முதல் இரண்டு எழுத்தும் ஒன்று. தமிழ் படித்த ஒருவருக்கு இவர்கள் இருவர் என்று தெரியும். கணினிக்கு அது எப்படித் தெரியும்?

உலகத்து நூலகங்களும் கலைக்களஞ்சியங்களும் இன்று ஆசிரியர்களைப் பெயரால் மட்டும் அடுக்கி வைப்பதில்லை. 2012இல் தொடங்கிய விக்கித்தரவு ஒவ்வோர் ஆளுக்கும் ஓர் எண் தருகிறது. பல நாட்டு தேசிய நூலகங்களின் ஆசிரியர் பட்டியல்களை ஒன்றாகக் கோக்கும் வியாஃப் என்ற கூட்டுப் பட்டியலும் அப்படியே. இந்த ஏற்பாட்டில் ஆள் என்பது அந்த எண்தான். பெயர் அதன்மேல் ஒட்டிய சீட்டு. ஓர் எண்ணுக்கு எத்தனை சீட்டு வேண்டுமானாலும் ஒட்டலாம், ஒரே சீட்டு பல எண்களுக்கும் ஒட்டப்படலாம். எண்ணைச் சுற்றித்தான் பிறந்த ஊர், தந்தை, ஆசான், மாணவர், எழுதிய நூல், இறந்த இடம் என்று செய்திகள் கட்டப்படுகின்றன. தேடுபொறி ஒரு புலவரைப் பற்றித் திரையின் ஓரத்தில் காட்டும் சிறு பெட்டி முதல், பேசும் மென்பொருள் சொல்லும் பதில் வரை பலவும் இப்படிக் கட்டிய கிடங்குகளில் இருந்து எடுப்பவை. ஆகவே இரண்டு எண்களை ஒன்றாக்கும் ஒரு சொடுக்கு, ஏட்டின் ஓரத்தில் ஒருவர் பென்சிலால் தவறாக எழுதிய குறிப்பைப் போல அந்த ஏட்டோடு நின்றுவிடுவதில்லை.

விழுப்புரம் மாவட்டத்தில், திண்டிவனத்தில் இருந்து புதுச்சேரி போகும் வழியை ஒட்டிய மயிலம், இந்தச் சிக்கலை எல்லாப் பக்கத்தில் இருந்தும் பார்க்க வசதியான ஊர். குன்றின்மேல் முருகன் கோயில். அதைப் பேணுவது பொம்மபுர ஆதீனம் என்ற வீரசைவ மடம். பொம்மபுரம் என்பது புதுச்சேரிக்கு வடக்கே கடலோரத்தில் இருக்கும் இன்றைய பொம்மையார்பாளையம். 17ஆம் நூற்றாண்டில், காஞ்சிபுரம் குமாரசாமி தேசிகரின் மகனான துறைமங்கலம் சிவப்பிரகாசர், இந்த மடத்துச் சிவஞான பாலைய சுவாமிகளைத் தம் ஆசானாகக் கொண்டார். அவர்மேல் தாலாட்டு, பிள்ளைத்தமிழ், கலம்பகம், நெஞ்சுவிடு தூது, திருப்பள்ளியெழுச்சி என்று ஒரு வரிசையே பாடினார். கன்னடத்தில் சாமரசர் எழுதிய பிரபுலிங்க லீலையைத் தமிழில் பாடியதும் அவரே. 32 வயதில், புதுச்சேரியை அடுத்த நல்லாற்றூரில் மறைந்தார் என்பது அவர் வரலாறு. வாழ்க்கை குட்டையானது, விட்டுச் சென்ற நூல்களோ ஒரு பட்டியலை நிறைப்பவை. நூல் கூடக் கூட, பட்டியலில் பெயர் பிசகும் வாய்ப்பும் கூடுகிறது.

பிசகினால் என்ன ஆகும் என்பதை இந்தக் குடும்பத்தை வைத்தே பார்க்கலாம். இரண்டு சிவப்பிரகாசர்களும் ஒரே எண்ணுக்குள் போய்விட்டதாக வைத்துக்கொள்வோம். அந்த நொடியே சாந்தலிங்கர் தம் மைத்துனரிடம் உபதேசம் பெற்றவர் ஆகிறார். அவருடைய மாணவர் விருத்தாசலம் குமாரதேவர், அவருக்கு மாணவர் திருப்போரூர்ச் சிதம்பர சுவாமிகள். இந்த விருத்தாசலம், திருப்போரூர் பரம்பரை முழுவதும் நன்னெறி ஆசிரியரின் பரம்பரையாக மாறுகிறது. துறையூர்க் குருவுக்குக் காஞ்சிபுரத்துக் குமாரசாமி தேசிகர் தந்தை ஆகிறார், வேலையரும் கருணைப்பிரகாசரும் தம்பிகள் ஆகிறார்கள். அவர் 32 வயதிலேயே இறந்தும்போகிறார். இவற்றில் எதையும் யாரும் தவறாக எழுதவில்லை என்பதுதான் விசேஷம். ஒவ்வொரு செய்தியும் தனித்தனியே சரி. ‘இவரும் அவரும் ஒருவரே’ என்ற ஒரே ஒரு இணைப்புத்தான் பிழை. அ-வும் ஆ-வும் ஒன்று, ஆ-வும் இ-யும் ஒன்று என்றால் அ-வும் இ-யும் ஒன்று என்று கணினி தானாகவே முடிவுக்கு வரும். இந்தச் சங்கிலித் தன்மையால், தவறான ஓர் இணைப்பு இரண்டு பெயர்களோடு நிற்காமல் இரண்டு உறவு வலைகளையே கலந்துவிடுகிறது.

இந்த நோய் கிரேக்கர்களுக்கு வெகு முன்பே தெரியும். கி.மு. முதல் நூற்றாண்டில் மக்னீசியாவைச் சேர்ந்த தெமெத்ரியோஸ், ஒரே பெயர் கொண்ட புலவர்களையும் எழுத்தாளர்களையும் பிரித்துக் காட்டுவதற்காகவே ஒரு நூல் எழுதினார். அந்த நூல் நமக்குக் கிடைக்கவில்லை. ஆனால் மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் தத்துவ ஞானிகளின் வரலாற்றை எழுதிய தியோகெனஸ் லயேர்த்தியோஸ் அதில் இருந்து எடுத்துக்கொண்டே இருக்கிறார். தேலீசின் வரலாற்றை முடிக்கும்போது, இதே பெயரில் வேறு ஐவர் இருந்ததாகத் தெமெத்ரியோஸ் சொல்கிறார் என்று குறித்துவிட்டு அடுத்தவருக்குப் போகிறார். 1923இல் ஜெர்மானிய அறிஞர் ஃபெலிக்ஸ் யாகோபி, நூல்கள் அழிந்து மேற்கோள்களில் மட்டும் வாழும் கிரேக்க வரலாற்றாசிரியர்களைத் தொகுத்து வெளியிடத் தொடங்கியபோது ஒரு துணிச்சலான காரியம் செய்தார்: ஆளுக்கு ஓர் எண் கொடுத்தார். கி.மு. 500ஐ ஒட்டி வாழ்ந்த மிலேத்தஸ் ஹெக்கத்தேயஸுக்கு எண் 1. இரண்டு நூற்றாண்டு பிந்திய அப்தெரா ஹெக்கத்தேயஸுக்கு எண் 264. பெயர் ஒன்று, எழுதியது இருவருமே வரலாறு, பழைய மேற்கோள்கள் பலவற்றில் ஊர்ப்பெயரே கிடையாது. அதற்கும் மேலே, அப்தெராக்காரர் பெயரில் யூதர்களைப் பற்றி வழங்கும் ஒரு நூல் அவருடையதா, பிற்காலத்தார் அவர் தலையில் கட்டியதா என்ற வழக்கு வேறு. எண் கொடுத்தால் வழக்கு தீர்ந்துவிடாது. ஆனால் எந்த மேற்கோளை யார் கணக்கில் வைத்தோம் என்பது வெளிச்சத்துக்கு வருகிறது. மறுப்பவர் குறிப்பிட்ட ஓரிடத்தைத் தொட்டுக்காட்டி மறுக்க முடிகிறது. விக்கித்தரவின் எண்களுக்கு இது நேரடி முன்னோடி என்றே சொல்லலாம்.

எண்ணுக்குப் பதில் அடைமொழியால் இதே வேலையைச் செய்தவர்கள் நம் சங்கத் தொகைகளின் தொகுப்பாளர்கள். ஒக்கூர் மாசாத்தனார் ஆண், ஒக்கூர் மாசாத்தியார் பெண். மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்ற பெயரில் ஊர், தந்தை, தந்தையின் தொழில் மூன்றும் இருக்கின்றன. வெறும் நக்கீரனார் என்றால் வேறு யாரையாவது நினைத்துவிடுவார்கள் என்ற கவலை இருந்தால்தான் இப்படி ஒரு பெயர் எழுதப்படும். மயிலத்துக்குப் பக்கத்திலேயே இதற்குச் சான்று இருக்கிறது. இன்று திண்டிவனம் நகருக்குள் அடங்கிவிட்ட கிடங்கல்தான் ஓய்மாநாட்டுக் கிடங்கில். அந்த ஊரில் இருந்து காவிதிக் கீரங்கண்ணனார், காவிதிப் பெருங்கொற்றனார் என்று இரண்டு காவிதிகள் நற்றிணையில் இருக்கிறார்கள். குலபதி நக்கண்ணனார் குறுந்தொகையில் இருக்கிறார். அவர் பாட்டு எண் 252. இனி, பெருங்கோழி நாயகன் மகள் நக்கண்ணையார் என்ற பெண்பாற் புலவரைப் பாருங்கள். புறநானூற்றில் சோழன் பெருநற்கிள்ளிமேல் மூன்று பாட்டுப் பாடியவர். அகநானூற்றில் அவர் பாட்டு ஒன்று இருக்கிறது. அதற்கும் எண் 252. நக்கண்ணனார் 252, நக்கண்ணையார் 252. அவசரமாகத் தட்டச்சு செய்த ஒரு பட்டியலில் தொகை நூலின் பெயர் விடுபட்டிருந்தால், திண்டிவனத்து ஆண்மகனை உறையூர்ச் சோழனைக் காதலித்துப் பாடிய பெண்ணாக்கிவிட எந்தக் கணினியும் தயங்காது.

ஏன் தயங்காது? பெயர்களை ஒப்பிடக் கணினிக்குத் தெரிந்த மிக எளிய வழி எழுத்தை எண்ணுவது. ஒரு பெயரை மற்றொரு பெயராக மாற்ற எத்தனை எழுத்தைச் சேர்க்கவோ நீக்கவோ மாற்றவோ வேண்டும் என்பதே இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம். 1965இல் ரஷ்யக் கணித அறிஞர் லெவன்ஷ்டைன் வகுத்த அளவு இது. நக்கண்ணனார், நக்கண்ணையார் இரண்டும் ஏழெழுத்துப் பெயர்கள். வேறுபடுவது இரண்டு எழுத்து. ஆனால் சிவப்பிரகாசர், சிவப்பிரகாச சுவாமிகள் என்று ஒரே ஆளைக் குறிக்கும் இரண்டு வடிவங்களுக்கு இடையே ஐந்தெழுத்துத் தூரம். ஊரைச் சேர்த்துக்கொண்டால் தேறுமா என்றால், அங்கேதான் வேடிக்கை. துறைமங்கலம் சிவப்பிரகாசரை அவர் மறைந்த ஊரை வைத்து நல்லாற்றூர்ச் சிவப்பிரகாசர் என்றும் எழுதுவார்கள். துறைமங்கலம், நல்லாற்றூர் இரண்டுக்கும் பொதுவாக ஓர் எழுத்துகூட இல்லை, தூரம் 7. துறைமங்கலத்துக்கும் துறையூருக்கும் தூரம் 5. அதாவது எழுத்துக் கணக்கின்படி, ஒருவருக்குத் தம்மைவிட அடுத்தவர் நெருக்கமானவர். இதோடு தமிழ் எழுத்துருவின் தொல்லை ஒன்று. ஔவையார் என்பதன் முதலெழுத்தை ஔ என்று ஒரே எழுத்தாகவும் தட்டலாம், ஒ, ள என்று இரண்டு எழுத்தாகவும் தட்டலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். யூனிகோடு முறையில் இரண்டும் வேறு வேறு குறியெண்கள் என்பதால் கணினிக்கு அவை இரண்டு பெண்கள்.

எழுத்தை மட்டும் நம்பினால் ஒன்றானவரைப் பிரிப்போம், இருவரானவரைச் சேர்ப்போம். இதற்கு மாற்று கனடாவில் இருந்து, இலக்கியத்தோடு ஒட்டும் உறவும் இல்லாத இடத்தில் இருந்து வந்தது. மரபியல் அறிஞர் ஹோவர்ட் நியூகோம்ப், பிறப்புப் பதிவேடுகளையும் திருமணப் பதிவேடுகளையும் கணினியால் இணைக்க முயன்று 1959இல் ஒரு கட்டுரை எழுதினார். பத்தாண்டு கழித்து, 1969இல், அதே நாட்டுப் புள்ளியியல் துறையில் இருந்த ஃபெல்லெகி, சன்டர் இருவரும் அதற்குக் கணித அடிப்படை கொடுத்தார்கள். கருத்து எளியது. இரண்டு பதிவுகளில் ஒரு செய்தி ஒத்துப்போகிறது என்றால், அந்த ஒற்றுமை தற்செயலாகவே நேரக்கூடியதா என்று முதலில் கேட்க வேண்டும். சைவ மடங்களில் சிவப்பிரகாசர் என்ற பெயர் ஒத்துப்போவதற்கு எடை குறைவு. அங்கே அந்தப் பெயர் அடிக்கடி வரும். உமாபதி சிவாசாரியார் 14ஆம் நூற்றாண்டில் எழுதிய சாத்திர நூலுக்கே சிவப்பிரகாசம் என்று பெயர். அதற்கு உரை எழுதியவர் மதுரைச் சிவப்பிரகாசர். திருவாவடுதுறை ஆதீனத்தை நிறுவிய நமச்சிவாய மூர்த்திகளின் குரு சித்தர் சிவப்பிரகாசர். ஒரு நூலகச் சீட்டில் ‘சிவப்பிரகாசம், சிவப்பிரகாசர் உரை’ என்று மட்டும் இருந்தால் அதில் இருந்து ஆளைப் பிடிப்பது கடினம். மாறாக, தந்தை பெயர் குமாரசாமி தேசிகர், உதவிய வள்ளல் துறைமங்கலம் அண்ணாமலை ரெட்டியார், இலக்கணம் கற்பித்தவர் வெள்ளியம்பலவாணத் தம்பிரான் என்ற செய்திகளில் இரண்டு ஒத்துப்போனாலே போதும். மூன்றும் தற்செயலாக இன்னொருவருக்கும் அமைவது அரிதினும் அரிது. தெருவில் மூன்று முருகன் இருந்தால் தபால்காரர் பெயரை மறந்துவிட்டு மாடிவீட்டையும் அப்பா பெயரையும் பார்க்கிறார் அல்லவா, அந்த அறிவைத்தான் இவர்கள் கணக்காக்கினார்கள்.

அந்த 1969 கட்டுரையில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது வேறொன்று. இரண்டு பதிவுகளைப் பார்த்தால் முடிவு ‘ஒருவரே’, ‘வேறானவர்’ என்று இரண்டு வகை என்றுதான் நாம் நினைப்போம். அவர்கள் மூன்றாவதாக ஒரு வகை வைத்தார்கள்: ஒருவராக இருக்கலாம், ஆள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். புலவர் வரலாற்றில் பாதிச் சங்கதிகள் இந்த மூன்றாவது கூடைக்கு உரியவை. நம் பட்டியல்களில் பெரும்பாலும் இல்லாதது அந்தக் கூடைதான். விக்கித்தரவில் அதற்கு இடம் இருக்கிறது. ‘இவரில் இருந்து வேறுபட்டவர்’ என்று ஓர் எண்ணில் இருந்து மற்றோர் எண்ணைச் சுட்டலாம்; ‘ஒருவரே என்று சொல்லப்படுகிறது’ என்றும் சுட்டலாம், எந்த நூல் அப்படிச் சொல்கிறது என்பதோடு. தமிழ்ப் புலவர்களைப் பதிபவர்கள் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியவை இந்த இரண்டு உறவுகளும்தான் என்பது என் கட்சி. ஐயம் இருக்கும் இடத்தில் தனித்தனி எண் கொடுத்து, நடுவில் இந்த உறவை எழுத வேண்டும். ஒன்றாக்குவது கடைசி வேலை.

இதற்கு முதல் மறுப்பு வாசகர் பக்கம் இருந்து வரும். ஔவையார் என்று தேடினால் நான்கு ஔவையார் வந்து நின்றால் மாணவர் குழம்பமாட்டாரா? குழம்புவார்தான். ஆனால் சங்கத் தொகைகளில் 59 பாட்டுப் பாடிய ஔவையாரும், ஆத்திசூடி, கொன்றைவேந்தன் பாடிய பிற்கால ஔவையாரும் ஒருவரே என்று சொல்லிவிட்டால் குழப்பம் தீராது, மறைந்துகொள்ளும். ஒரே ஆள் அதியமானோடும் பேசி, ஆயிரம் ஆண்டு கழித்தும் எழுதியதாக ஆகும். அடுத்த தலைமுறை மென்பொருள் அந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில் ஒரு சராசரியை எடுத்து அவர் காலத்தைக் கணித்துத் தந்தாலும் வியப்பதற்கில்லை. அதே சமயம் மக்கள் மனத்தில் வாழும் ஒரே பாட்டியான ஔவையை, நெல்லிக்கனியும் சுட்ட பழமும் சேர்ந்த கதையின் நாயகியை, பொய் என்று தள்ளவும் வேண்டியதில்லை. 1953இல் கே.பி. சுந்தராம்பாள் நடித்த ஜெமினி படத்தின் ஔவையார் அவர்தான். சென்னைக் கடற்கரையில் சிலையாக நிற்பவரும் அவர்தான். அவருக்கும் ஓர் எண் கொடுக்கலாம், மரபுவழிப் பாத்திரம் என்ற வகையோடு. நூலாசிரியர்களை அந்த எண்ணுக்குள் அடைக்காமல் இருந்தால் சரி.

இரண்டாவது மறுப்பு கனமானது: பிரிப்பதும் தவறாகப் போகலாமே? ஒரே மனிதரின் இரண்டு நூல்களை நடையும் சமயமும் வேறு என்பதற்காக இரண்டு பேருக்குப் பங்கிட்ட ஆராய்ச்சிகள் எல்லா மொழியிலும் உண்டு. இளமையில் ஒரு நடை, முதுமையில் ஒரு நடை என்று எழுதுவது மனித இயல்பு. பிரித்துப் பிரித்தே போனால் கடைசியில் நூலுக்கு ஓர் ஆசிரியர் என்று ஆகிவிடும். இந்த அச்சம் நியாயமானதே. ஆனால் இரண்டு தவறுகளுக்கும் கொடுக்கும் விலை ஒன்றல்ல. இரண்டு எண்களாக நிற்கும் ஒருவரை ஒன்றாக்க ஒரு சான்று கிடைத்தால் போதும், இருபக்கச் செய்திகளும் சேதமில்லாமல் சேர்ந்துகொள்ளும். ஒன்றாகிவிட்ட இருவரைப் பிரிப்பதென்றால், எந்தச் செய்தி யாருடையது என்று ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டும். அதற்குள் பத்துத் தளங்கள் அந்தக் கலவையைப் படியெடுத்திருக்கும். அவற்றைப் பார்த்து எழுதியவர்கள் அதையே புதிய சான்றாகக் கொண்டு வருவார்கள்.

இதற்கு நக்கீரரைவிட நல்ல சாட்சி இல்லை. நெடுநல்வாடை பாடிய சங்கப் புலவர் ஒரு நக்கீரர். பதினோராம் திருமுறையில் கயிலைபாதி காளத்திபாதி அந்தாதி முதலியவற்றைப் பாடியவர் நக்கீரதேவ நாயனார். பத்துப்பாட்டில் இருக்கும் திருமுருகாற்றுப்படையைத் திருமுறையைத் தொகுத்தவர்கள் நாயனாரின் நூல்களோடும் சேர்த்தார்கள். அந்த ஒரு நூல் பாலமானது. இறையனார் களவியல் உரையும் நக்கீரர் பெயரோடு வந்து சேர, சங்கப் புலவர், உரையாசிரியர், சிவனடியார் மூவரும் ஒரு மேனியானார்கள். பிறகு புராணம் அந்த ஒற்றை மனிதருக்கு ஒரு வாழ்க்கையை எழுதியது: சிவனோடு வாதாடி, நெற்றிக்கண்ணுக்கு ஆளாகி, காளத்திக்குப் போய் அந்தாதி பாடிக் கரையேறுகிறார். சங்கப் புலவர் ஏன் பக்தி அந்தாதி பாடினார் என்ற முரண்பாட்டுக்குக் கதை விடை சொல்லிவிடுகிறது. கலப்பால் வந்த முரணே கலப்புக்குச் சான்றாகிவிட்டது. அந்தக் கதையைச் சீகாளத்திப் புராணத்தில் நக்கீரச் சருக்கமாகப் பாடியவர் யார் என்றால், நம் துறைமங்கலம் சிவப்பிரகாசர். அந்தப் புராணமே கருணைப்பிரகாசர், வேலையர், சிவப்பிரகாசர் என்ற மூன்று சகோதரர்களும் பங்கிட்டுப் பாடியது. ஆசிரியர் என்ற ஒரே கட்டத்தில் ஒரே பெயரைத்தான் இட முடியும் என்று அமைத்த பட்டியலில் இந்த நூல் என்ன பாடுபடும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

மூன்றாவது மறுப்பு இன்றைய நாகரிகத்தைச் சேர்ந்தது. எழுத்தை எண்ணிய காலம் போயிற்று, செயற்கை நுண்ணறிவு முழுப் பக்கத்தையும் படித்துச் சூழலைப் புரிந்துகொள்கிறது, இனி இந்தப் பாடெல்லாம் எதற்கு என்பார்கள். சூழலை வைத்துப் பிரிப்பதில் அது பழைய முறைகளைவிட வெகுவாக முன்னேறியிருக்கிறது, அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அது படிப்பது ஏற்கெனவே எழுதப்பட்டதை. ஒரே பெயருடைய இருவரில் ஒருவரைப் பற்றி நூறு பக்கமும் மற்றவரைப் பற்றி ஒரு பக்கமும் இருந்தால், அடைமொழி இல்லாத பெயரைப் புகழ்பெற்றவர் கணக்கில் எழுதுவதே அதற்கு நிகழ்தகவுப்படி இலாபம். நன்னெறி பள்ளிப் பாடம். துறையூர்க் குருவை அறிந்தவர்கள் பேரூர், திருப்போரூர் மரபைப் படித்தவர்கள். ‘சாந்தலிங்கரின் குரு சிவப்பிரகாசர்’ என்ற தொடரைப் படித்ததும் எந்தத் திசையில் சாய்வு ஏற்படும் என்று சொல்ல வேண்டியதில்லை. கிரேக்க வரலாற்றாசிரியர்களைப் பற்றி ஒரு நூற்றாண்டாக யாகோபியின் எண்களோடு எழுதப்பட்ட பக்கங்கள் குவிந்திருக்கின்றன. இயந்திரம் அவற்றைப் படிக்கும்போது பிரிவினையையும் சேர்த்தே கற்கிறது. நம் புலவர்களுக்கு அப்படி ஓர் எண் வரிசை இன்னும் எழவில்லை. நூற்றாண்டு நூற்றாண்டாகப் புலவர்களைப் பிரித்து எழுதிய மு. அருணாசலத்தின் தமிழ் இலக்கிய வரலாறு அதற்கு மிக நெருங்கி வருகிறது என்றாலும், அது படிக்கும் நூல், பதிவேடு அல்ல.

பட்டப்பெயர் என்ற வகைக்கு மட்டும் வேறு விதி வேண்டும். மயிலம் மடத்தின் தலைவர்கள் வழிவழியாகச் சிவஞான பாலைய சுவாமிகள் என்ற பெயரையே தாங்குகிறார்கள். ஊரில் இருக்கும் தமிழ்க் கல்லூரிக்கும் அதே பெயர். பாலைய என்றும் பாலய என்றும் இரண்டு எழுத்து வழக்கு. இங்கே சிவப்பிரகாசருக்குச் செய்ததுபோல ஆளைப் பெயரில் இருந்து பிரிப்பது மட்டும் போதாது. பட்டத்துக்கு ஓர் எண், அதில் அமர்ந்த ஒவ்வொருவருக்கும் தனி எண், எத்தனையாவது பட்டம் என்ற வரிசை, கல்லூரிக்கு வேறோர் எண் என்று வகுக்க வேண்டும். அப்போதுதான் 17ஆம் நூற்றாண்டில் தாலாட்டுப் பெற்றவர், இந்த நூற்றாண்டில் பட்டமளிப்பு விழாவில் பேசியதாகப் பதிவாகாது.

இத்தனையும் யார் செய்வது என்பது மிச்சமிருக்கும் கேள்வி. நினைப்பதைவிட வேலை சிறியது. இந்தக் கட்டுரையில் வந்த சிவப்பிரகாசர்கள் நால்வர், நூற்பெயர் ஒன்று. ஒவ்வொருவருக்கும் ஊர், ஆசான் அல்லது மாணவர், உறுதியான ஒரு நூல் அல்லது ஒரு செயல் என்று மூன்று செய்திகள் எழுதி, மற்ற மூவரும் இவர் அல்லர் என்று சுட்டினால் ஒரு பிற்பகலில் முடியும். ஊரும் ஆசானும் தெரியாமல் ‘சிவப்பிரகாச சுவாமிகள் இயற்றியது’ என்று மட்டும் தலைப்பில் கொண்ட சுவடியோ பழம்பதிப்போ வந்தால், அதைப் புகழ்பெற்றவர் எண்ணில் போடாமல் ‘சிவப்பிரகாசர், இன்னார் என்று அறியப்படாதவர்’ என்று தனியாகவே வைக்கலாம். வேறொரு நூலகத்துப் பிரதியில் பாயிரமோ, குரு வணக்கமோ, வள்ளல் பெயரோ அகப்படும்வரை அது அங்கேயே இருக்கட்டும்.